ஹெப்கில் கொட்டிலில் ஒரு கல்யாணம்

தாமசின் என்ற பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டி வந்தது. கல்யாணத்தில் கூடவே இருந்த எங்களில் ஒருவர் சொல்லும் அங்கே எடுபடாது என்பதுதான் அதில் கொடுமை.

ஹெப்கில் பள்ளத்தாக்கில் அப்போது நாங்கள் ஒரு கைப்பிடிக் குடும்பங்கள். ஊரார் எங்களைக் குவேக்கர் என்றார்கள். நடுங்கிகள் என்று கேலி. நாங்கள் எங்களை நண்பர்கள் என்றே சொல்லிக்கொண்டோம். கோபுரம் வைத்த கோயிலுக்குப் போகமாட்டோம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று பாதிரி கேட்கும் தசமபாகத்தைக் கொடுக்கமாட்டோம். எவன் முன்னாலும் தொப்பியைக் கழற்றமாட்டோம். நாட்டு அரசனே வந்து நின்றாலும் எங்களுக்கு அவன் ‘நீ’ தான். வாரத்தின் முதல் நாள் எங்களில் ஒருவனான மைல்ஸின் மாட்டுக்கொட்டிலில் கூடி, பலகைகளில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளேயிருந்து சொல் எழுந்தால் எழுந்து நின்று சொல்வார். எழாவிட்டால் மாடு அசைபோடும் சத்தத்தோடு அன்றைய வழிபாடு முடியும். அப்படிக் கூடுவதே குற்றம் என்று சட்டம் வந்த காலம் அது.

தாமசின் முதலில் எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். மேல்பண்ணையில் பால் கறக்கும் வேலை. நடந்தாலும் நின்றாலும் கை காலுறை பின்னிக்கொண்டே இருக்கும். குள்ளம். நாக்கு கத்தரிக்கோல். “இத்தனை பேரு இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம இருக்கறதை எங்க ஊர்ல எவனும் நம்பமாட்டான்” என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதியில் நின்றன. அடுத்த வாரமும் வந்தாள்.

பண்ணைக்காரன் மைல்ஸ் அவளுக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை சொல்ல அரை நாள் யோசிப்பான். அவனுக்கு ரோலண்ட் என்று ஒரு தம்பி. தகப்பனின் நிலம் மூத்தவனுக்குப் போய்விட்டதால், ரோலண்ட் கீழே மாவு மில்காரனின் மகளைக் கட்டி, மில்லுக்கும் பெரிய ஆட்டு மந்தைக்கும் சொந்தக்காரனானான். கோயில் பொறுப்பும் அவன் கையில்தான். இருந்தும் அண்ணன் நிலத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அவன் குதிரை மெதுவாகத்தான் போகும்.

மைல்ஸும் தாமசினும் கட்டிக்கொள்வது என்று முடிவானது. எங்கள் வழக்கத்தில் பாதிரி கிடையாது, மோதிரம் கிடையாது. கூட்டத்தின் நடுவே இருவரும் எழுந்து, கை பிடித்து, கடவுள் அறிய, நண்பர்கள் அறிய வாக்குச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் கல்யாணம்.

அந்த வருடம் ஊர் முறைப்படி கான்ஸ்டபிள் வேலை கேவன் தலையில் விழுந்திருந்தது. கேவன் ரோலண்டின் ஆட்டுக்காரன். ரோலண்டின் குடிசையில் குடியிருப்பவன். ஆறடி உயரம். மலையின் இந்தப் பக்கம் நின்று கத்தினால் அந்தப் பக்கத்து நாய் திரும்பிப் பார்க்கும். கல்யாணத்தன்று நாங்கள் உட்கார்ந்து சிறிது நேரம்கூட ஆகவில்லை, கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். பின்னால் இரண்டு ஆள், இரண்டு நாய். கையில் பால் வாளியும் ஒரு தடியும்.

“என்னங்கடா இது, எழவு வீடு மாதிரி வாயைத் தெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

வாளியை அடிக்க ஆரம்பித்தான். மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. என் மடியில் கைக்குழந்தை வீறிட்டது. நாங்கள் அசையவில்லை.

“எவன்டா இங்க பிரசங்கி? அவனைக் காட்டுங்க, இழுத்துக்கிட்டுப் போயிடறேன். வீட்டுல எனக்குக் கஞ்சி ஆறுது.”

என் மாமனார் லெனர்ட்தான் எங்களில் வயதானவர். “பிரசங்கின்னு இங்க யாரும் இல்ல கேவன். பலகையில இடம் இருக்கு, உக்காரு” என்றார்.

அந்த நேரத்தில் மைல்ஸ் எழுந்தான். எழுந்தவன்தான் பிரசங்கி என்று கேவன் பாய்ந்து அவன் கழுத்துத் துணியைப் பிடித்தான். எதிரே தாமசின் எழுந்து நின்றாள். இருவரும் கை கோக்க முடியவில்லை. நடுவில் கேவனின் கை, உத்தரம்போல நீண்டு கிடந்தது.

மைல்ஸ் முகம் சிவந்து, மூச்சு முட்ட, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். “நண்பர்களே, கடவுளறிய, உங்க எல்லாரும் அறிய, இந்தத் தாமசினை என் மனைவியா ஏத்துக்கறேன். சாவு வந்து பிரிக்கறவரைக்கும் அன்பா, உண்மையா இருப்பேன்.”

“பேசாதடா!” என்றான் கேவன். ஆனால் வாளிச் சத்தம் நின்றிருந்தது.

நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. தாமசின் அந்தக் கையின் மேலாக, மலைமேல் மேயும் மாட்டைக் கூப்பிடுவதுபோல உரக்கத் தன் வாக்கைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மைல்ஸைக் கயிற்றால் கட்டிச் சிறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. கல்யாணச் சாப்பாட்டுக்குச் செய்த ஓட்ஸ் ரொட்டியையும் ஆட்டிறைச்சியையும் தாமசினே பரிமாறினாள். “சாப்பிடுங்க. வீணாப்போனா அவன் திரும்பி வந்து என்னைத்தான் கேப்பான்” என்றாள்.

குளிர்காலம் கழிந்து மைல்ஸ் வந்தான். அடுத்த வருடம் இசபெல் பிறந்தாள். குடும்பம் சிறிது காலம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு தசமபாகம் கொடுக்கவில்லை என்று மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். புகார் கொடுத்தது கோயில் பொறுப்பிலிருந்த ரோலண்ட். அந்த முறை மைல்ஸ் நடந்து திரும்பவில்லை. சிறைக்காய்ச்சல். தாமசின் வெண்ணெயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போனபோது, “இது யாருக்கு? அவன் போயிட்டானே” என்று வாசலிலேயே காவலாளி சொல்லிவிட்டான். வண்டியில் கொண்டுவந்து பண்ணையின் மூலையில் புதைத்தோம். கல் நடவில்லை, நாங்கள் நடுவதில்லை.

மண் காய்வதற்குள் ரோலண்ட் வந்தான். நான் அப்போது தாமசினோடு சமையலறையில் இருந்தேன். சமையலறை வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்காமலே பேசினான்.

“அறுப்புக்கு முன்னால வீட்டைக் காலி பண்ணிடு.”

“எதுக்கு?”

“நிலம் எங்கப்பனோடது. அண்ணன் வாரிசு இல்லாம செத்துட்டான். அடுத்தது நான்.”

“வாரிசு உள்ள தூங்கிக்கிட்டிருக்கா. சத்தம் போடாதே.”

“அதுவா? மாட்டுக்கொட்டில்ல பாதிரி இல்லாம நடந்ததுக்குப் பேரு கல்யாணமா? நீ எனக்கு அண்ணி இல்ல. எங்கண்ணன் வச்சிருந்தவ. உம் பொண்ணுக்கு இந்த ஊர்ல என்ன பேருன்னு நான் வேற சொல்லணுமா?”

தாமசின் அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்ததைப் பார்த்தேன். எறிந்துவிடுவாள் என்றே நினைத்தேன். திரும்ப வைத்துவிட்டாள். “கோர்ட்டுல பாத்துக்கலாம் ரோலண்ட்” என்றாள்.

“கோர்ட்டுலயா?” அவன் சிரித்தான். “அங்க பைபிள் மேல கை வெக்கணுமே. உங்கள்ல எவன் வெப்பான்?”

அதுதான் முடிச்சு. சத்தியம் செய்வது எங்களுக்கு ஆகாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதற்குமேல் ஒன்று வேண்டுமென்றால் மற்ற நேரத்தில் பொய் சொல்கிறோம் என்றல்லவா ஆகும்? ஆனால் சத்தியம் செய்யாதவன் சாட்சியை நீதிமன்றம் காதில் வாங்காது. கல்யாணத்தைப் பார்த்த நாங்கள் எல்லோரும் நண்பர்கள். பார்த்தவர்களில் சத்தியம் செய்யக்கூடியவர்கள் மூன்றே பேர். கேவனோடு வந்த இருவரில் ஒருவன் கப்பலேறிவிட்டான், இன்னொருவன் செத்துவிட்டான். மிச்சம் கேவன். அவனையும் ரோலண்ட் தன் பக்கத்துச் சாட்சியாக எழுதிக் கொடுத்துவிட்டான். கொட்டிலில் யாரும் வாயே திறக்கவில்லை என்று கேவன் சொன்னால் போதும். நடுங்கிகள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதைவிட எளிதாக நம்பக்கூடிய பொய் உலகத்தில் இல்லை.

அந்த வாரக் கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

“கேவன்கிட்ட போய்ப் பேசலாம். பாத்ததைச் சொல்லுன்னு கேக்கலாம்” என்றார் ஒருவர்.

“கேட்டு? அவனைச் சத்தியம் பண்ணச் சொல்றதா?” என்றார் லெனர்ட். “நம்ம வாயால பண்ணாத பாவத்தை அடுத்தவன் வாயால பண்ணிக்கலாமா? அது எந்த ஊரு நியாயம்?”

“அப்போ பொண்ணு தெருவுல நிக்கட்டுமா?” என்று நான் கேட்டுவிட்டேன். மாமனார் என்றும் பார்க்கவில்லை.

லெனர்டின் கன்னத்தில் நீர் இறங்கியது. “தெரியலம்மா. எனக்குத் தெரியல” என்றார்.

தாமசின் எழுந்தாள். “யாரும் சண்டை போடவேணாம். நான் அவனைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேக்கமாட்டேன்” என்றாள். ஆனால் அன்று மாலையே என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள்.

மேட்டு மேய்ச்சலில், கல் சுவரின் ஓரம், கேவன் ஒரு கிடாவை மல்லாத்தி மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கத்தரி ஒரு கணம் நின்றது.

“வந்துட்டாங்கய்யா. ரெண்டு நடுங்கி. என்ன, அழப் போறியா, காலைப் பிடிக்கப் போறியா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்ப எதுக்கு மலை ஏறி வந்தே? நான் ரோலண்ட் வீட்டுச் சோத்தைத் திங்கறவன். அவன் கூரைக்குக் கீழ படுக்கறவன். எம் பொண்டாட்டி ஜெனட்டுக்கு இருமல். அவளை எங்க கொண்டுபோய்ப் படுக்கவெப்பேன்? உன் கொட்டில்லயா?”

“நான் உன்னை எதுவும் கேக்க வரல கேவன். நீ பொய் சொல்லப்போறேன்னு தெரியும். சொல்லாதேன்னு சொல்ல வந்தேன். சத்தியம் பண்ணு, பண்ணாம போ, கோர்ட்டுக்கே வராம போ. பொய் மட்டும் சொல்லாதே.”

“உனக்காகவா?”

“எனக்கு நிலம் போனா வேற இடத்துல பால் கறப்பேன். புதுசா என்ன?”

கேவன் கிடாவை விட்டான். அது பாதி மயிரோடு ஓடியது. அவன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் கேட்டான்.

“அவன் சாகும்போது… என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?”

தாமசின் யோசித்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “பக்கத்துல நான் இல்ல. அதுக்கு முன்னால எத்தனையோ தடவை போய்ப் பாத்தேன். ஒரு தடவைகூட உன் பேரை எடுக்கல” என்றாள்.

கேவன் முகம் கறுத்துவிட்டது. “போங்கடி ரெண்டு பேரும்! போங்க! நாயை அவுத்துவிட்டுடுவேன்!” என்று கத்தினான். இறங்கி வரும் வழியெல்லாம் அவன் கெட்ட வார்த்தை எங்கள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. “காரியத்தைக் கெடுத்துட்டேனா?” என்று தாமசின் கேட்டாள். கெடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வழக்கு நாளில் நகரம் நிரம்பியிருந்தது. உள்ளே நுழைந்ததும் லெனர்டின் தொப்பியை ஒரு சேவகன் தட்டிவிட்டான். அவர் குனிந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். நீதிபதி இளைத்த மனிதர், சளி பிடித்திருந்தது.

“கல்யாணத்தைப் பாத்தியா?” என்று லெனர்டைக் கேட்டார்.

“பாத்தேன்.”

“அப்படின்னா பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணு.”

“உனக்கு உண்மையைச் சொல்றேன். சத்தியம் பண்ணமாட்டேன்.”

நீதிபதியை ‘நீ’ என்றதும் அறையில் கசமுசா எழுந்தது. “இவ்வளவு தூரம் வந்து இந்தப் பொண்ணு வழக்கை நீங்களே கெடுக்கறீங்களே” என்று நீதிபதி அலுத்துக்கொண்டார். எங்களில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லும்போது தாமசின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வழக்கு அவளுடையது என்பதால் அவள் சாட்சி சொல்லவும் வழியில்லை. இசபெல் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கேவனைக் கூப்பிட்டார்கள். தலை வாரி, யாரோ கொடுத்த கோட்டில் தோள் பிதுங்க வந்தான். புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். ரோலண்டின் வக்கீல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“அன்னிக்கு கொட்டிலுக்குள்ள போனே. அங்க பாதிரி இருந்தாரா?”

“இல்லீங்க.”

“யாராவது பேசினாங்களா?”

“மாடு கத்துச்சுங்க.”

ஜூரி வரிசை சிரித்தது. ரோலண்டும் சிரித்தான்.

“மனுஷங்க?”

“நான் பேசினேன். நெறையப் பேசினேன்.”

“சரி. நீ பேசினே. அந்த மைல்ஸ் ஒண்ணும் பேசலியே?”

கேவன் வாயைத் திறந்தான், மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது. ரோலண்டின் சிரிப்பு மெல்ல இறங்குவதைப் பார்த்தேன்.

“ரெண்டு பேரும் பேசினாங்க” என்றான் கேவன்.

வக்கீல் திரும்பி ரோலண்டைப் பார்த்தார். “நீ அன்னிக்குக் குடிச்சிருந்தே, இல்லியா?”

“குடிச்சிருந்தேன். இன்னிக்கும் குடிச்சிருக்கேன். அதுக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லீங்க.”

“தூரத்துல நின்னுக்கிட்டு என்ன கேட்டிருக்கும் உனக்கு?”

“தூரமா? அவன் கழுத்து என் கையில இருந்துச்சு. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவ. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஈ போக எடம் இல்ல.”

நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டு தாமசினிடம் திரும்பினார். “இவனை நீ ஏதாவது கேக்கணுமா?”

தாமசின் எழுந்தாள். “கேவன், மைல்ஸ் என்ன சொன்னான்?”

கேவன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆட்டைக் கூப்பிடும் அதே குரலில் சொன்னான். “நண்பர்களே, கடவுளறிய, உங்க எல்லாரும் அறிய, இந்தத் தாமசினை என் மனைவியா ஏத்துக்கறேன்.” நிறுத்தினான். “சாவு வந்து பிரிக்கறவரைக்கும்னு சொன்னான். அன்பா, உண்மையா இருப்பேன்னான். நான் பேசாதடான்னேன். அவ அவளுதைச் சொன்னா. அப்புறம் நான் அவனைக் கட்டினேன்.”

அந்த அறையில் எங்கள் கொட்டிலைப்போல அமைதி வந்தது. தாமசின் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். புருஷன் போன நாளில்கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பாதிரி இருந்தாரா என்பதல்ல, இருவரும் மனம் ஒப்பி வாக்குக் கொடுத்தார்களா என்பதை யோசியுங்கள் என்று நீதிபதி ஜூரியிடம் சொன்னார். அவர்கள் வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. உள்ளே சண்டை போடும் சத்தம் கேட்டது. கடைசியில் வந்து, கல்யாணம் கல்யாணம்தான், குழந்தை முறையான வாரிசுதான் என்றார்கள்.

ரோலண்ட் அன்றே கேவன் குடிசைக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். இருமிக்கொண்டிருந்த ஜெனட்டும் கோழிகளும் சட்டிபானையும் பாதையோரம் நின்றன. தாமசின் வண்டியைக் கட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்தாள். வேறு இடம் இல்லை. கொட்டிலின் மறுகோடியில் பலகைத் தடுப்பு வைத்துக் கொடுத்தாள். லெனர்டுக்கு மனம் சமாதானமாகவில்லை. சத்தியத்தால் வந்த வெற்றி நம்முடையதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் தடுப்புக்கு ஆணி அடித்தது அவர்தான்.

அதற்குப்பின் பல வருடம் எங்கள் வழிபாடு ஜெனட்டின் கோழிகளோடுதான் நடந்தது. நாங்கள் அமைதியில் அமர்ந்திருக்கும்போது தடுப்புக்கு அப்பால், “இன்னும் முடியலியா இவங்களுக்கு?” என்று கேவன் முணுமுணுப்பது கேட்கும். அவன் எங்களில் ஒருவனாகவில்லை. தாமசினின் ஆடுகளை மேய்த்தான், குடித்தான், கெட்ட வார்த்தை பேசினான். ஏன் அப்படிச் சாட்சி சொன்னாய் என்று கேட்டால், ரோலண்ட் கொடுத்த கோட்டு இறுக்கம் என்பான்.

ஒருமுறை நான் தாமசினைக் கேட்டேன். “அவனை மன்னிச்சிட்டியா?”

“சில நாள் மன்னிச்சிடறேன். சில நாள், அவன் தடியை எடுத்துக்கிட்டு மலை இறங்கி வர்றதைப் பாத்தா, முடியல. கூலி மட்டும் எல்லா நாளும் குடுத்துடறேன்.”

பனி கொட்டிய ஒரு வருடம் கேவன் நெஞ்சுச்சளியில் போனான். கோயில் மணி அடித்துத்தான் புதைக்கவேண்டும் என்று ஜெனட் அழுதாள். தாமசின் மறுக்கவில்லை. நாங்கள் நண்பர்கள் எல்லோரும் சவத்தின் பின்னால் நடந்து, கோயில் மதில் வாசல்வரை போய், தொப்பியோடு வெளியே நின்றோம். உள்ளே பாதிரி வாசித்து முடித்து மண் விழும் சத்தம் கேட்கும்வரை தாமசின் அந்தக் குளிரில் அசையவில்லை. பிறகு ஜெனட்டின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். மாடு கறக்க நேரமாகியிருந்தது.